கேம்பிரிட்ஜ்ஷயர் ரெஜிமெண்டு

கேம்பிரிட்ஜ் என்னும் பெயர் செவிப்பட்டவுடன் நம் மாணவர் நினைவில் எழுவது அங்குள்ள சர்வகலாசாலையேயாம். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட ஜில்லாவின் பெயர் பூண்டு ஒரு காலாட்படையும் முன்னர் இருந்தது. அது மாணவர் படையன்று. மாணவர்க்குத் தனியே பயிற்சிப் படை உண்டு. அந்த ஜில்லாவின் வடபாகம் ‘ஃபென்’ எனப்படும் தாழ்ந்த சதுப்பு நிலம். 17-ஆம் நூற்றாண்டில் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்து விளைநிலமாக்கப்பட்டது. அந்நிலத்து உழவரும், விட்டில்ஸி ஊரின் செங்கற்சூளைத் தொழிலாளரும், மார்ச் என்னும் ஊரின் ரயில்வேச் சிப்பந்திகளும், கேம்பிரிட்ஜ் நகரக் கடைகளில் ஊழியம் செய்தோருமே இப்படையினர். பகலெல்லாம் தத்தம் தொழில். மாலையில் ஊர்க் கொட்டகையில் கவாத்து. கோடையில் இரண்டு வாரம் கூடாரவாசம். இத்தகையோர் உண்மைப் போரில் என்ன செய்வார் என்று நிரந்தரச் சேனையார் சிலர் நகைத்ததும் உண்டு.

இதன் தோற்றத்திற்குக் காரணம் பிரான்சு தேசத்தைப் பற்றிய அச்சம். 1859-ல் பிரஞ்சுக்காரர் படையெடுத்து வருவரென்னும் வதந்தி இங்கிலாந்தெங்கும் பரவவே, ஊர்தோறும் தொண்டர் துப்பாக்கிப் படைகள் எழுந்தன. கேம்பிரிட்ஜ்ஷயரில் 1860-ல் இவை தோன்றின. 1887-ல் இவற்றை ஸஃபோக் ரெஜிமெண்டுக்கு உட்பட்ட தொண்டர் பட்டாளமாக்கினர். பின்னர் யுத்த மந்திரி ஹால்டேன் 1907-ல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 1908-ல் ‘டெரிட்டோரியல்’ என்னும் பிரதேச சேனை அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ்ஷயர் மக்கள் ஸஃபோக்கினின்றும் பிரிந்து, தம் ஜில்லாவின் பெயராலேயே தனி ரெஜிமெண்டாயினர். ஏனைய ரெஜிமெண்டுகட்கு நிரந்தரப் பட்டாளங்கள் மூலமாகவும், பிரதேசப் பட்டாளங்கள் கிளைகளாகவும் இருக்க, இதற்கு நிரந்தரப் பட்டாளமே கிடையாது. ஹெர்ட்போர்ட்ஷயர், மன்மத்ஷயர் முதலிய சிலவே இதற்கு இணையாவன.

பிரதேச சேனையினர் தாய்நாட்டைக் காத்தற்கே கடமைப்பட்டோர். அவர் சம்மதமின்றிக் கடல் கடந்து அனுப்புதல் அன்றைய சட்டப்படி இயலாது. 1914-ல் யுத்தம் மூண்டபோது பெரும்பாலோர் தாமே இசைந்தனர். 1915 பிப்ரவரியில் முதற் பட்டாளம் பிரான்சில் இறங்கியது. ஸோம் நதிப் போரில் தியேப்வாலுக்கு மேலுள்ள குன்றின்மீது ‘ஷ்வாபன்’ என்னும் ஜெர்மானியக் கோட்டை யொன்று இருந்தது. கோட்டையென்றால் நம் செஞ்சிக் கோட்டைபோல் மதிலும் கொத்தளமும் கருதற்க. பதுங்கு குழிகளும் நிலவறைகளும் பின்னிக் கிடந்த சேற்றுக் காடு அது. 1916 ஜூலை முதல் தேதியில் அல்ஸ்டர் படையினர் அதனுட் புகுந்தும் நிலைக்கவொண்ணாது பின்னிட்டனர். செப்டம்பரில் ஒரு பகுதி மட்டும் வசமாயிற்று. எஞ்சியதை அக்டோபர் 14-ஆம் தேதி கேம்பிரிட்ஜ்ஷயர் பட்டாளத்தாரும் ‘பிளாக் வாட்ச்’ ஸ்காத்லாந்தியரும் பிறரும் கூடிக் கைப்பற்றினர். நகைத்தவர் அதன்பின் நகைத்திலர்.

ஆயினும் ஊர்ப்படை என்பதற்கு ஒரு கொடிய மறுபுறமும் உண்டு. ஒரே தெருவினர், ஒரே சூளையில் வேலை செய்தோர், அண்ணன் தம்பியர் ஒரே கம்பெனியில் நிற்றலால், அக்கம்பெனி அழியுங்கால் அத்தெருவே இழவு வீடாகும். 1917 ஜூலை 31-ல் ஸேன் ஜூலியனில் பட்டாளத்திற்குப் பெருஞ்சேதம் நேர்ந்தது. அச்செய்தி சிற்றூர்களை எவ்வாறு எட்டியிருக்குமென்பதை விரித்துரைத்தல் வேண்டா.

1939-ல் பிரதேச சேனை இரட்டிப்பாக்கப்பட்டது. இரண்டாம் பட்டாளமும் உண்டாயிற்று. இரண்டும் 18-ஆம் டிவிஷனைச் சேர்ந்து, 1941 அக்டோபரில் மேற்காசியா நோக்கிக் கப்பலேறின. வழியிலிருக்கும்போதே ஜப்பான் யுத்தத்திற் குதித்தமையால், பாலைவனப் போருக்குப் புறப்பட்டோர் மலாயாக் காட்டுக்குத் திருப்பப்பட்டனர். இரண்டாம் பட்டாளம் 1942 ஜனவரி 13-ல் சிங்கப்பூரில் இறங்கியது. காட்டுப்போர் பயிலாத அவர்கள் ஜோகூரிலுள்ள பத்து பஹாட்டைச் சில நாள் காத்தனர். பின்வாங்குகையில் ஸெங்காராங் என்னுமிடத்தில் பாதை அடைபட்டது. வண்டிகளையும் பீரங்கிகளையும் அழித்துவிட்டுச் சதுப்பின் வழியே தப்புமாறு கட்டளை பிறந்தது. காயமுற்றோரை எடுத்துச் செல்ல வழியில்லை. பட்டாளத்தின் பாதிரியார் நோயல் டக்வொர்த், மருத்துவ ஊழியரோடு அவர்கள் அருகிலேயே தங்கிப் பகைவர் கைப்பட்டார். சிற்றுடலினரான இவர் முன்பு கேம்பிரிட்ஜ் படகுப் பந்தயங்களிலும், 1936 ஒலிம்பிக்கிலும் சுக்கான் பிடித்தவர்.

பம்பாய் வழியாக வந்த முதற் பட்டாளம் சிங்கப்பூரின் ஆடம் பார்க்கில் இறுதிவரை நின்றது. பிப்ரவரி 15-ல் நகரம் சரணடைய, இரு பட்டாளங்களும் ஏறக்குறைய முழுமையாகவே சிறைப்பட்டன. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த 260 மைல் ரயில் பாதையில் இவர்கள் வேலைவாங்கப்பட்டனர். 1943-ல் டக்வொர்த்தோடு பாதை வேலைக்கு அனுப்பப்பட்ட 7,000 பேர் கூட்டத்தில் 3,000-க்கு மேற்பட்டோர் வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தனர்.

அப்பாதையில் நம்மவரும் மாண்டனர் என்பதை ஈண்டுக் கூறாமற் செல்லவொண்ணாது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களினின்றும் ஆயிரமாயிரம் தமிழர் ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கொண்டு செல்லப்பட்டனர். கைதிகளிடையே டாக்டர்கள் இருந்தனர். இறந்தவர் பெயரைக் குறித்து வைக்க அதிகாரிகள் இருந்தனர். அதனால் காஞ்சனபுரி, தன்பியூஸயாத் மயானங்களில் கேம்பிரிட்ஜ்ஷயர் வீரர் பெயர் இன்றும் கல்லிற் காணலாம். தமிழர்க்கு அவ்வாறு பட்டியல் எழுதுவார் இலர். பெரும்பாலோர் பெயரும் ஊரும் அவரோடே மண்ணாயின.

1945-ல் விடுதலை பெற்று மீண்டோரின் ரெஜிமெண்டு, 1947-ல் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையாக மாற்றப்பட்டது. 1956-ல் திரும்பவும் காலாட்படையாயிற்று. 1961-ல் முன்பு தான் பிரிந்து வந்த ஸஃபோக்கினரோடே மறுபடியும் இணைக்கப்பட்டது. டக்வொர்த் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் புதிதாய் எழுந்த சர்ச்சில் கல்லூரியின் முதற் பாதிரியாராகிப் பல்லாண்டு மாணவரிடையே வாழ்ந்து, 1980-ல் காலஞ்சென்றார்.