கடலில் மிதக்கும் நகரங்கள்: பெருமையும் பொறுப்பும்

மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறங்கிய நம் முன்னோர், அக்கலத்தைக் கட்டுமரம் என அழைத்தனர். அச்சொல் சிறிது திரிந்து இன்று ஆங்கிலத்திலும் வழங்குகின்றது. தோணி, ஓடம், வங்கம், நாவாய் எனக் கலங்களுக்குப் பல பெயர்கள் கண்ட மொழி நம் மொழி. ஆயினும், இன்று கரீபியன் கடலில் உலாவரும் சில உல்லாசக் கப்பல்களைக் காணும்போது இப்பெயர்களுள் எதுவும் போதாது என்றே தோன்றுகின்றது.

2024ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பலில் இருபது தளங்களும் ஏழு நீச்சல் குளங்களும் உள்ளன. பனிச்சறுக்கு அரங்கும், உண்மையான செடிகொடிகள் வளரும் பூங்காவும் உண்டு. 7,600 பயணிகள் வரை ஏற்றக்கூடிய அதில் 2,350 பேர் பணிபுரிகின்றனர். ஒரு சிறு நகரமே மிதந்து செல்கின்றது எனலாம். இத்தகைய கப்பல்கள் ஏன் கட்டப்படுகின்றன, இவற்றால் எழும் வினாக்கள் யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

போட்டியின் வரலாறு

பெரிய கப்பல் கட்டும் போட்டி புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விஞ்ச முயன்றன. 1907இல் குனார்டு நிறுவனம் 'லூசித்தானியா', 'மொரித்தானியா' என்னும் விரைவுக் கப்பல்களை ஓட்டியது. அதற்கு விடையாக ஒயிட் ஸ்டார் நிறுவனம் 'ஒலிம்பிக்', 'டைட்டானிக்' ஆகியவற்றைக் கட்டியது. அன்றைய கப்பல்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வாகனங்களாகவே இருந்தன. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கத் தொடங்கியதும் அவற்றின் தேவை குறைந்தது.

கப்பல் தொழில் அழிந்துவிடவில்லை, உருமாறியது. ஊர் சேர்வதற்காக அன்றி, பயணத்தின் இன்பத்துக்காகவே கப்பலேறும் வழக்கம் வளர்ந்தது. ராயல் கரீபியன் நிறுவனம் 1970இல் ஓட்டிய முதற்கப்பல் 'சாங் ஆஃப் நார்வே' ஏறத்தாழ 18,000 டன் அளவுடையது. இடம் போதாமையால் 1978இல் அதனை நடுவே வெட்டி, 85 அடி நீளமுள்ள புதிய பகுதியை இடையில் பொருத்தி நீட்டினர்! 1988இல் வந்த 'சாவரின் ஆஃப் தி சீஸ்' 73,000 டன். 1996இல் கார்னிவல் நிறுவனத்தின் 'கார்னிவல் டெஸ்டினி' பயணிகள் கப்பல்களுள் முதன்முதலாக ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. 2009இல் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' 2,25,000 டன்னை எட்டியது. 'ஐகான்' கப்பலோ 2,48,663 டன். ஐம்பத்து நான்கே ஆண்டுகளில் பதின்மூன்று மடங்கிற்கும் மேலான வளர்ச்சி!

'டன்' என்பது எடையா?

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இங்குக் கூறப்பட்ட டன் கணக்கு கப்பலின் எடையைக் குறிப்பதன்று. அடைப்புள்ள இடங்கள் அனைத்தின் கன அளவையே அது குறிக்கின்றது. பழைய முறையில் நூறு கன அடி இடம் ஒரு டன் எனப்பட்டது. 1982 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின்படி கணக்கிடும் முறை மாறினும், அளக்கப்படுவது இன்றும் இடமே ஆகும்.

டைட்டானிக்கின் நீளம் 269 மீட்டர். ஐகானின் நீளம் 365 மீட்டர். நீளம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கூடியுள்ளது. ஆனால் டைட்டானிக் 46,328 டன். ஐகான் அதனைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேல். அகலத்திலும் உயரத்திலும் பெருகியதே இதற்குக் காரணம்.

பெருக்கத்தின் கணக்கு

ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்குவோம். அதன் வெளிப்பரப்பு நான்கு மடங்காகும். உள்ளிடமோ எட்டு மடங்காகும். கப்பலுக்கும் இக்கணக்குப் பெருமளவு பொருந்தும். செலவாகும் இரும்புத் தகடும், நீரின் உராய்வும் வெளிப்பரப்பைச் சார்ந்தவை. பயணிகளுக்கான அறைகளோ உள்ளிடத்தைச் சார்ந்தவை. எனவே கப்பல் பெரிதாகப் பெரிதாக, ஒரு பயணிக்கு ஆகும் செலவு குறைகின்றது. கப்பல் பெரிதானாலும் கப்பலோட்டி ஒருவரே அல்லவா? மேலும், கடைகளும் கேளிக்கைகளும் பெருகுவதால் பயணிகள் கப்பலுக்குள்ளேயே செலவிடும் பணமும் கூடுகின்றது. நிறுவனங்கள் போட்டியிடுவதன் அடிப்படை இதுவே.

இவ்வளவு உயரமான கப்பல் கவிழாதா என்று நம் பிள்ளைகள் கேட்பர். கனமான இயந்திரங்களும் எரிபொருள் தொட்டிகளும் அடித்தளத்தில் அமைகின்றன, மேல்தளங்கள் இயன்றவரை இலேசாகக் கட்டப்படுகின்றன, அடிப்பகுதியும் அகலமானது. இதனால் நீருக்குள் ஏறத்தாழ ஒன்பது மீட்டரே அமிழ்ந்திருந்தும் கப்பல் நிலையாக நிற்கின்றது.

வெளியேறும் வழியின் கணக்கு

ஆயினும், இக்கணக்கிற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. உயிர்காப்புப் படகுகள் கப்பலின் இரு பக்கங்களிலும் வரிசையாகத் தொங்குகின்றன. கப்பல் எல்லாப் பக்கத்திலும் இரு மடங்கானால் மக்களுக்கான இடம் எட்டு மடங்காகும். படகுகள் தொங்கும் ஓரமோ இரண்டே மடங்காகும். உள்ளே செல்வோர் பெருகும் வேகத்தில் வெளியேறும் வழி பெருகுவதில்லை. பெரிய கப்பலின் உள்ளார்ந்த இடர் இதுவே எனலாம்.

டைட்டானிக் இதற்குத் துயரமான சான்று. படகுகளின் எண்ணிக்கையை வகுத்த பிரித்தானிய விதி 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்தையும் ஒரே வகையாகக் கருதியது. ஆகவே 46,000 டன் கப்பலில் 1,178 பேருக்கு மட்டுமே படகில் இடமிருந்தும், சட்டம் மீறப்படவில்லை. 1912 ஏப்ரலில் அக்கப்பல் மூழ்கியபோது, ஏறத்தாழ 2,200 பேரில் 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் வளர்ந்தது, விதி வளரவில்லை. கடலில் உயிர்காப்புப் பற்றிய முதற் பன்னாட்டு உடன்படிக்கை 1914இல், அத்துயரத்தின் பின்னரே உருவாயிற்று.

இன்றைய நிலை பெரிதும் மேம்பட்டது. ஒயாசிஸ் கப்பலுக்கென ஒவ்வொன்றும் 370 பேரை ஏற்றும் பதினெட்டுப் பெரும்படகுகள் தனியாக வடிவமைக்கப்பட்டன. விபத்து நேர்ந்தாலும் கப்பலே துறைமுகம் திரும்ப வல்லதாய் இருத்தல் வேண்டும் என்ற விதி, 2010 ஜூலை முதல் கட்டத் தொடங்கிய பெரிய பயணிகள் கப்பல்களுக்குப் பொருந்துகின்றது.

ஆயினும் 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருளில் தவித்தனர். கப்பல் சாய்ந்தமையால் ஒரு பக்கத்துப் படகுகளை இறக்குவது பெரும்பாடாயிற்று. முப்பத்திரண்டு பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே அளிக்கப்பட்டிருக்கவில்லை; இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அளித்தால் போதும் என்பது அப்போதைய விதி. புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி அளித்தல் வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயமாயிற்று. மீண்டும் விபத்து முந்தியது, விதி பிந்தியது.

ஒரே கூரையின்கீழ் பலர் வாழ்வதன் இடர் வேறொரு வடிவிலும் வெளிப்பட்டது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கஹாமா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவர்களுள் 712 பேரைக் கொரோனா தொற்றியது.

கரையின் கணக்கு

கப்பல் வளர்ந்தாலும் அது சென்றடையும் ஊர் வளர்வதில்லை. பின்லாந்தில் கட்டப்பட்ட ஒயாசிஸ், டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தைக் கடப்பதற்குத் தன் புகைபோக்கிகளையே உள்ளிழுத்துக்கொண்டது! பாலத்திற்கு வளைந்து கொடுக்கக் கப்பலால் இயலும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் வந்திறங்கினால் சிறிய ஊர் எவ்வாறு வளைந்து கொடுக்கும்? வெனிஸ் நகரின் பழம்பெரும் கட்டடங்களைக் காக்க, 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்நகரின் ஜூதெக்கா கால்வாயில் நுழைவதை இத்தாலிய அரசு 2021இல் தடை செய்தது. அலாஸ்காவின் ஜூனோ நகரில் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது.

நிறைவாக

பெரிய கப்பலைக் கட்டுவது மனித அறிவின் வெற்றி என்பதில் ஐயமில்லை. குறைந்த செலவில் எளிய குடும்பங்களும் கடற்பயணம் செய்ய வழி பிறந்ததும் நன்மையே. ஆனால் 'உலகிலேயே பெரியது' என்னும் புகழ் நிலையானதன்று. ஒரு காலத்தில் அப்புகழைப் பெற்ற சாவரின் ஆஃப் தி சீஸ், 2020இல் துருக்கியில் உடைக்கப்படும் இரும்பாயிற்று.

எனவே, இதனினும் பெரிய கப்பல் வந்துள்ளது என்ற செய்தியைப் படிக்கும்போது நம் மாணவர்கள் வியந்து நின்றுவிடாமல், சில வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதோடு, எத்தனை நிமிடங்களில் இறங்கலாம் என்றும் கேட்க வேண்டும். விதிகள் கப்பலோடு சேர்ந்து வளர்ந்துள்ளனவா? கரையில் வாழ்வோர் அதனை வரவேற்கின்றனரா? இவ்வினாக்களுக்கு விபத்தின் முன்னரே விடை காணும் பொறியாளர்களும் சட்ட அறிஞர்களும் நம் பிள்ளைகளிடையே தோன்றுவாராக!