சுட்ட களிமண்ணும் புதிய சிமெண்டும்

வீடு, பள்ளி, பாலம், அணைக்கட்டு, விமான நிலையம் என எதைக் கட்டினாலும் சிமெண்ட் வேண்டும். சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்தியா. ஊருக்குச் சாலையும் ஏழைக்கு வீடும் வேண்டுமானால் அவ்வுற்பத்தி இனியும் பெருகவே செய்யும். ஆனால், உலகில் மனிதச் செயல்களால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலிலிருந்தே வருகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்பதாவது இலக்கு தொழில், புத்தாக்கம், உட்கட்டமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுகிறது. இம்மூன்றையும் ஒரு சிமெண்ட் மூட்டைக்குள் இணைக்க முயன்றவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

சிமெண்ட் ஆலை ஏன் இவ்வளவு வாயுவை வெளியேற்றுகிறது? எரிபொருளைக் குற்றம் சொல்வது எளிது. உண்மையில் எரிபொருளின் பங்கு பாதிக்கும் குறைவே. பெரும்பங்கு சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துபோகும். 56 கிலோ சுண்ணாம்பு மட்டுமே எஞ்சும். இச்சுண்ணாம்பு களிமண்ணுடன் சேர்ந்து, ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கிளிங்கர் என்னும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாக மாறுகிறது. கிளிங்கரைச் சிறிதளவு ஜிப்சத்துடன் சேர்த்து அரைத்தால் சிமெண்ட் கிடைக்கும். ஆகவே, சூளையைச் சூரிய ஒளியால் எரித்தாலும் கல்லிலிருந்து பிரியும் வாயுவைத் தடுக்க முடியாது. கிளிங்கரின் அளவைக் குறைப்பதே நேரான வழி.

இவ்வழி இந்தியாவுக்குப் புதிதன்று. அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் நிலக்கரிச் சாம்பலையும், இரும்பு உலைகளில் மிஞ்சும் கசடையும் நம் ஆலைகள் பல ஆண்டுகளாகச் சிமெண்டில் கலந்து வருகின்றன. ஆயினும் நிலக்கரியை எரிப்பது குறையும்போது சாம்பலும் குறையும். இரும்புக் கசடோ தேவைக்கேற்பப் பெருகக்கூடியதன்று. எங்கும் ஏராளமாகக் கிடைக்கும் வேறொரு பொருள் தேவைப்பட்டது. அப்பொருள் காலடியிலேயே இருந்தது: களிமண்.

சுட்ட களிமண்ணின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்புடன் கலந்த சுர்க்கிக் காரை இந்நாட்டுக் கட்டடக் கலையில் நெடுங்காலம் வழங்கியது. 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலும் இக்காரை பயன்பட்டது. ஆனால் அது மெதுவாகவே இறுகும். விரைந்து இறுகும் சிமெண்ட் வந்தபின் சுர்க்கி மறக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் ஸ்கிரிவனரும், கியூபாவின் லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ மார்ட்டிரெனாவும் தத்தம் குழுவினருடன் இக்குறையை நீக்கும் வழியை ஆராய்ந்தனர். சுட்ட களிமண்ணுடன் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்தபோது, களிமண்ணிலிருந்து வெளிப்படும் அலுமினா அத்தூளுடன் வினைபுரிந்து புதிய படிகங்களை உண்டாக்கியது. அப்படிகங்கள் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்தன. இதனால் கிளிங்கரைப் பாதியாகக் குறைத்தும் போதிய வலிமை கிடைத்தது. கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5 என்பதே நூற்றில் இதன் கலவை விகிதம். இது எல்சி3 சிமெண்ட் எனப்படுகிறது. களிமண்ணுக்கு ஏறத்தாழ 800 பாகை வெப்பமே போதும். அதிலிருந்து பிரிவது பெரும்பாலும் நீராவியே. கரியமில வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இந்தியாவில் டெல்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் இவ்வாய்வில் இணைந்தன. ஆய்வகத்தில் ஒரு கைப்பிடி சிமெண்ட் செய்வது வேறு. ஆலையில் டன் கணக்கில் செய்வது வேறு. எந்த மாநிலத்து மண் பொருந்தும் என்று சோதிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு நற்செய்தியும் கிடைத்தது. பீங்கான் தொழிலுக்கு ஆகாதென்று சுரங்க ஓரங்களில் கொட்டப்படும் தரம் குறைந்த வெண்களிமண்ணே இதற்குப் போதும். அதில் கயோலினைட் என்னும் கனிமம் நூற்றுக்கு நாற்பது பங்கு இருந்தால் சரி. ஆலைகள் ஒதுக்கித் தள்ளும் தரம் குறைந்த சுண்ணாம்புக்கல்லும் பயன்படும். குப்பையெனக் கிடந்தவை இவ்வாறு மூலப்பொருள் ஆயின. உத்தரப்பிரதேசத்தின் ஜான்சியில் இச்சிமெண்டைக் கொண்டு மாதிரி வீடொன்றும் கட்டப்பட்டது.

குறைகளும் இல்லாமல் இல்லை. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அதனால் கலவை கெட்டிப்படும். தண்ணீரைக் கூட்டினால் வலிமை போய்விடும். எனவே கலவையை இளக்கும் வேதிப்பொருள் சேர்க்க வேண்டும். இரும்புச்சத்துள்ள மண் சுடப்பட்டதும் சிவந்துவிடும். சிவப்புச் சிமெண்டைக் கொத்தனார் நம்புவாரா? வேதியியலைவிட இக்கேள்வியே சில வேளைகளில் பெரிதாகிவிடுகிறது. மண்ணை ஆறவிடும்போது காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டால் சாம்பல் நிறம் கிடைக்கும் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

ஆய்வு முடிந்தவுடன் புதிய பொருள் சந்தைக்கு வந்துவிடுவதில்லை. அரசுப் பொறியாளர் ஒருவர் பாலத்திற்குச் சிமெண்ட் கேட்கும்போது, தர நிர்ணய எண் உள்ளதையே கேட்பார். அந்த எண் கிடைக்கும்வரை எந்த ஆலையும் பெரும் முதலீட்டுக்குத் துணியாது. ஆய்வு முடிவுகளைக் குழுக்களின் முன் வைத்து விளக்கும் பொறுமையான பணியும் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. அது செய்தித்தாள்களில் வருவதில்லை. இறுதியில் 2023ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம் இச்சிமெண்டுக்கான தர வரையறையை வெளியிட்டது.

இனி எஞ்சியிருப்பது காலத்தின் தேர்வு. கடலோரக் கட்டடங்களில் உப்பு ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வதை எல்சி3 கான்கிரீட் நன்கு தடுக்கிறது என்பதைச் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மறுபுறம், காற்றிலுள்ள கரியமில வாயு இக்கான்கிரீட்டினுள் சற்று விரைவாகப் புகுந்து அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. காரத்தன்மை குறைந்தால் கம்பிக்குப் பாதுகாப்பும் குறையும். ஆகவே கம்பியின் மேல் போதிய கனத்தில் கான்கிரீட் இருக்க வேண்டும். புதிய தளத்தில் முதல் சில நாள்கள் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். வேலை முடிந்த மறுநாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிடும் கட்டுமான இடங்களில் இச்சிமெண்ட் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதும் ஆய்வுக்குரிய கேள்வியே.