கண்ணெதிரே இருக்கும் பொத்தான் ஸ்கிரிப்டுக்கு ஏன் தெரிவதில்லை?

திரையில் ‘சேமி’ பொத்தான் பளிச்சென்று இருக்கிறது; திரையில் படங்களைத் தேடிச் சொடுக்கும் சிக்குலி (Sikuli) கருவியின் ஸ்கிரிப்டோ படம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. அது பொத்தானைப் பொத்தானாகப் பார்ப்பதில்லை; மாதிரிப் படத்தைத் திரையெங்கும் வைத்துப் பார்த்து, பிக்சல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுகிறது. விண்டோஸில் திரை அளவீட்டை 100 சதவீதத்திலிருந்து 125-க்கு மாற்றினால் 32 பிக்சல் சின்னம் 40 ஆகிவிடும். எழுத்தோரங்களை மழுப்பும் இடைநிறங்களும் மாறும். பழைய மாதிரி பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. ஒப்புமை வரம்பைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். சிக்குலியில் அது இயல்பாகவே 0.7தான். இன்னும் இறக்கினால், அதே சட்டகமும் பின்னணியும் கொண்ட ‘நீக்கு’ பொத்தானும் தேறிவிடக்கூடும். தவறாகச் சொடுக்குவதைவிட நின்றுபோவதே மேல். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியிலேயே, அதே அளவீட்டில் மாதிரியைப் புதிதாக வெட்டியெடுங்கள். தேடும் பகுதியையும் சுருக்குங்கள். வேகம் கூடும், போலிப் பொருத்தங்கள் குறையும்.