வார்த்தை மனுவுருவாதல்: தீவகத்துக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையும் நாளாந்த வாழ்வும்

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலும் நாக விகாரையும் பள்ளிவாசலும் உண்டு. ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, நெடுந்தீவுப் பக்கம் கத்தோலிக்கர் பலர். இப்படி அடுத்தடுத்து வாழும் ஊரில் முஸ்லிம் மாணவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சேர், அவங்க ஏன் ஒரு மனுசனைக் கடவுள் என்கிறாங்க?"

மனிதனொருவன் கடவுளாக உயர்ந்தான் என்பது அவர்களுடைய நம்பிக்கை அல்ல. அவர்கள் சொல்வது அதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒன்றை: கடவுளின் நித்திய வார்த்தை மர்யமின் வயிற்றில் மனிதனாயிற்று என்கிறார்கள். யோவான் எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம் இதன் அடிப்படை. தமிழில் 'மனித அவதாரம்' என்றும் 'மனுவுருவாதல்' என்றும் இதை எழுதுவர். ஆனால் வைணவர் சொல்லும் அவதாரம் பலமுறை நிகழ்வது. இது ஒரேயொரு முறை. கி.பி. 451இல் கூடிய கல்செதோன் சங்கம், இயேசு முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டும் கலவாமலும் பிரியாமலும் ஒருவரே என வரையறுத்தது.

எங்கள் நிலைப்பாடு தெளிவானது. ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் வார்த்தை என்று அல்குர்ஆனும் அழைக்கிறது. 'ஆகு' என்ற கட்டளையால் தந்தையின்றிப் பிறந்த நபி என்பதே அதற்கு நமது முபஸ்ஸிர்கள் தரும் பொருள். ஸூறா அல்மாயிதாவின் 75ஆம் வசனம் ஈஸாவும் தாயாரும் உணவு உண்டவர்கள் என்று சுட்டுகிறது. உண்பவர் தேவையுள்ளவர், தேவையுள்ளவர் இறைவனாக முடியாது.

கிறிஸ்தவரும் அவர் உண்டார், களைத்தார், அழுதார் என்றே சொல்கிறார்கள். நமக்கு அந்தப் பசி அடியான் என்பதற்கு அத்தாட்சி. அவர்களுக்கோ கடவுள் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்பதற்கு அத்தாட்சி. செய்தி ஒன்று, முடிவு இரண்டு.

இந்த நம்பிக்கை அவர்களுடைய அன்றாடத்தில் எப்படி நடமாடுகிறது? கத்தோலிக்கரின் மூவேளைச் செபம் காலை, நண்பகல், மாலை மணியோடு சொல்லப்படுவது. அதன் பொருளே இந்த மனுவுருவாதல்தான். வார்த்தை மனிதனான இடம் வரும்போது முழந்தாளிடுவர். நாம் பாங்கு கேட்டதும் கைவேலையை நிறுத்துவதுபோல அவர்களும் அந்த மணிக்கு நிறுத்துகிறார்கள். இயேசு தச்சுவேலை செய்தவர் என்பதால் கைத்தொழிலுக்கு மதிப்பு வருகிறது. கடலுக்குப் போகிறவர், "அவரும் எங்களை மாதிரி வள்ளத்தில படுத்து நித்திரை கொண்டவர்தானே" என்று உரிமையோடு கதைப்பார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஏழை பற்றிய போதனை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி, பசித்தவனுக்குச் செய்தது கிறிஸ்துவுக்கே செய்தது. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸி ஒன்று இதற்கு மிக நெருக்கமானது. மறுமையில் அல்லாஹ், நான் நோயுற்றேன், நீ வந்து பார்க்கவில்லை என்பான். அடியான் திகைத்துக் கேட்க, என் அடியானைப் போய்ப் பார்த்திருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என விளக்குவான். அங்கே கடவுளே மனிதனாகி அவனோடு ஒன்றாகிறார். இங்கே அல்லாஹ் அல்லாஹ்வாகவே இருந்து, நோயாளியின் அருகே தன்னைத் தேடச் சொல்கிறான். வேறுபாடு அகீதாவில்; நோயாளியின் வாசலுக்குப் போகும் கடமையில் வேறுபாடில்லை.

இந்தப் போதனைக்குத் தீவகம் கொடுத்த விலையும் உண்டு. 2006 ஆகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் மக்கள் தஞ்சமடைந்திருந்தபோது எறிகணைகள் விழுந்தன. 15 பேருக்குக் குறையாதோர் இறந்தனர். பங்குத்தந்தை நிகால் ஜிம் பிறவுண் காயப்பட்டவர்களுக்காகவும் எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோகவும் பாடுபட்டார். ஒரு கிழமை கழித்து, ஆகஸ்ட் 20இல், உதவியாளர் ஒருவருடன் காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை. கடவுள் மனிதரின் துன்பத்துக்குள் வந்தார் என நம்புகிறவர், மக்களைத் துன்பத்தில் விட்டுப் போக முடியாதென நினைத்திருப்பார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். அடுத்தவன் நம்மை அறியாமலிருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: தவ்ஹீதில் ஓர் எழுத்தும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் மேல் ஏற்றி மறுக்கவும் வேண்டாம். அதுவும் அமானிதம்தான்.