‘ஒரு கையெழுத்துதானே, போடும்மா!’ - பி.காம். பாடத்துக்குள் ஒளிந்திருக்கும் குடும்பக் கதைகள்

செஞ்சி வட்டாரத்தில் தளவானூருக்குப் போனால், பாறையைக் குடைந்து செய்த ஒரு சிவன் கோயிலைப் பார்க்கலாம். பெயர் சத்ருமல்லேஸ்வரம். ‘சத்ருமல்லன்’ என்பது 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று.

கோயில் குடைந்த இந்த ராஜா, ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தையும் எழுதியவர். கதை நடப்பது காஞ்சிபுரத்தில். குடிபோதையில் இருக்கும் காபாலிகர் ஒருவர், தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, வழியில் போகும் புத்த பிக்கு மேல் பழி போடுகிறார். வழக்குக்குப் போகலாம் என்று பேச்சு வந்ததும் காபாலிகர் தரப்புக்கு ஒரு பயம். பிக்குவிடம் மடங்களின் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு நியாயசபைக்காரர்களின் வாயை அடைத்துவிடுவாரே! ஆளும் ராஜாவே தன் நீதிமன்றத்தை இப்படிக் கிண்டலடித்திருக்கிறார் என்றால், சட்டம் வேறு, நியாயம் வேறு என்ற பேச்சு அப்போதே ஊருக்குள் இருந்திருக்க வேண்டும்.

அதே தளவானூரிலிருந்து இன்று காலேஜுக்கு பஸ் ஏறும் ஒரு பி.காம். மாணவிக்கு, ‘வணிகச் சட்டம்’ பேப்பரில் காத்திருப்பதும் இந்தப் பேச்சுதான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் அதன் அடிப்படை. பெரிய கம்பெனிகள், கப்பல் சரக்கு, கோடிக்கணக்கில் வியாபாரம் என்று எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறந்தால், உள்ளே இருப்பது அண்ணன், தம்பி, பெண்டாட்டி, சித்தி சண்டைகள். அவற்றில் முக்கியமான மூன்று, நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தவை. டெல்லியில் படிக்கும் பிள்ளையும் இவற்றை மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுத வேண்டும்.

செத்துப்போவேன் என்று மிரட்டிய கணவன்

முதல் வழக்கு, சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா. காலம் 1917. ஒரு மனிதர் தன் மனைவியையும் மகனையும் கூப்பிட்டு, அவர்கள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய சொத்தைத் தன் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரச் சொல்கிறார். ‘எழுதித் தராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன்’ என்று மிரட்டல். பயந்துபோய் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு, அந்தப் பத்திரம் செல்லுமா என்று வழக்கு.

சட்டத்தின் 14-ம் பிரிவு, சம்மதம் என்பது மனதார வந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 15-ம் பிரிவு ‘வற்புறுத்தல்’ என்றால் என்ன என்று சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் தடை செய்த ஒரு செயலைச் செய்வது, அல்லது செய்வேன் என்று மிரட்டுவது. இங்கேதான் சிக்கல். தற்கொலைக்கு முயன்றால் தண்டனை உண்டு. ஆனால் தற்கொலையே செய்துகொண்டவரை யார் தண்டிப்பது? தண்டனை இல்லாத ஒன்றைத் ‘தடை செய்யப்பட்டது’ என்று சொல்ல முடியுமா?

மூன்று நீதிபதிகளில் ஓல்டுஃபீல்டு, ‘முடியாது, இது வற்புறுத்தல் ஆகாது’ என்றார். தலைமை நீதிபதி வாலிஸும் சேஷகிரி ஐயரும், ‘தண்டிக்க ஆள் இல்லை என்பதால் மட்டும் அது அனுமதிக்கப்பட்ட செயல் ஆகிவிடாது’ என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவி, மகன் பக்கம் தீர்ப்பு. இரண்டுக்கு ஒன்று.

சட்டத்தின் வார்த்தையை மட்டும் பார்த்தால் ஓல்டுஃபீல்டு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா எந்த நிலையில் கையெழுத்துப் போட்டார் என்று பார்த்தவர்கள் மற்ற இருவரும்தான். இந்த வழக்கை வகுப்பில் பேச இப்போது இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பொதுவாகத் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவு அதில் அப்படியே இல்லை. அப்படியானால் 1917-ல் இரண்டு நீதிபதிகள் எடுத்த வாதம் இன்று எந்தக் காலில் நிற்கும்? பத்து மதிப்பெண் கேள்விக்குத் தகுதியானது.

இரண்டாவது வழக்கு, ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி, 1889. படிக்கும்போதே மனம் கனக்கும். கணவனை இழந்த அந்தப் பெண்ணுக்கு வயது 13. ‘நாங்கள் சொல்லும் பையனைத் தத்து எடுத்துக்கொள், அதுவரை பிணத்தை எடுக்க விடமாட்டோம்’ என்று உறவினர்கள் நின்றார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம்.

‘அண்ணன் வேணுமா, நிலம் வேணுமா?’

பிணத்தைத் தடுப்பது, உயிரை விடுவேன் என்பது எல்லாம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிற மிரட்டல்கள். கண்ணுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டுத் திருத்தம், பிறகு 2005-ல் மத்திய அரசின் திருத்தம், 2020-ல் வினீதா ஷர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இவற்றுக்குப் பிறகு, இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. அதனால்தான் நிலத்தை விற்க, அடமானம் வைக்க, கடை தொடங்க லோன் வாங்க, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து தங்கையை வரவழைக்க வேண்டியிருக்கிறது. ‘உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே, ஒரு கையெழுத்துதானே, போடும்மா’ என்பார்கள். தயங்கினால், ‘நாளைக்குத் தாய்வீடுன்னு வந்து நிக்க வேணாமா?’

இது 15-ம் பிரிவுக்குள் வராது. தங்கையிடம் பேசமாட்டேன் என்பதை எந்தத் தண்டனைச் சட்டமும் தடுக்கவில்லை. 16-ம் பிரிவில் ‘தகாத செல்வாக்கு’ என்று ஒன்று உண்டு. ஒருவர் மனதை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமில்லாத லாபம் அடைந்தால் அது பொருந்தும். ஆனால் நிரூபிப்பது லேசல்ல. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, அதற்கான விவரம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று வருடம்தான் அவகாசம். கூடப் பிறந்தவன் மேல் கேஸ் போடலாமா, வேண்டாமா என்று யோசிப்பதிலேயே அது கரைந்துவிடும்.

பத்திரப்பதிவு ஆபீஸில் சார் பதிவாளர் உறுதி செய்ய வேண்டியது, எழுதிக்கொடுத்தவர் நீங்கள்தானா, இது உங்கள் கையெழுத்துதானா என்பதை. மனதாரப் போட்டீர்களா என்று துருவிப் பார்ப்பது அவர் வேலை அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் எதிரில் நிற்கும் அண்ணன்தான். பங்கின் இன்றைய மதிப்பு இவ்வளவு, பத்திர நகல் இதோ, வீட்டில் வைத்துப் படித்துப் பார், வேண்டுமானால் வேறு வக்கீலிடம் காட்டு என்று அவர் சொல்லலாம். சொல்லாவிட்டால் தண்டனை கிடையாது. வணிக அறம் என்று பாடத்தின் இரண்டாம் பாதியில் வருவது இப்படிச் சட்டம் விட்டுவைத்த இடங்களைப் பற்றித்தான். இதைப் புரியவைக்க அமெரிக்க கம்பெனிக் கதை தேவையில்லை.

எழுதி வைத்த அம்மா

மூன்றாவது, சின்னையா எதிர் ராமையா. 1882-ம் ஆண்டு வழக்காகப் பாடப்புத்தகங்கள் குறிப்பிடுபவை. ஒரு வயதான அம்மா தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிக்கொடுக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: தன் உடன்பிறப்புக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும். மகளும் அன்றே தனியாக ஒப்புதல் எழுதித் தருகிறாள். பிறகு கொடுக்கவில்லை. ‘உங்களிடமிருந்து நான் எதுவும் வாங்கவில்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்?’ என்பது அவள் வாதம்.

இங்கிலாந்து நீதிமன்றமாக இருந்தால் அவள் ஜெயித்திருக்கக்கூடும். அங்கே 1861-ல் ட்வெடில் என்பவருக்குப் பணம் தருவதாக அவருடைய அப்பாவும் மாமனாரும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டார்கள். மாமனார் தரப்பு தராதபோது மாப்பிள்ளை வழக்குப் போட, ‘நீ எதுவும் கொடுக்கவில்லை, அதனால் கேட்க முடியாது’ என்று அனுப்பிவிட்டார்கள். நம் 1872 சட்டத்தில், வாக்குறுதிக்கு ஈடான ‘மறுபயன்’ வாக்குப் பெற்றவரிடமிருந்தோ ‘வேறு எவரிடமிருந்துமோ’ வரலாம் என்று இருக்கிறது. அம்மா கொடுத்த நிலமே போதும் என்று சொல்லி, மகள் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது சென்னை நீதிமன்றம்.

அந்த அம்மா நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் பெற்றோருக்கும் இது உதவும். 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி, ‘கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் முறையிட்டுத் திரும்பப் பெறலாம். ‘நம்ம புள்ளதானே’ என்று அந்த வரியை விட்டுவிட்டால், பிறகு வாதாடுவது கஷ்டம்.

மாணவி வீட்டில் சொல்லித்தர இன்னொன்றும் பாடத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் கடைக்கோ டிராக்டருக்கோ கடன் வாங்கும்போது, ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று மனைவியிடம் தாளை நீட்டுவார்கள். சாட்சியாகப் போட்டால் கடன் அவரைச் சேராது. ஜாமீன்தாரராகப் போட்டால், 128-ம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் அவருக்கும் உண்டு. வங்கி முதலில் கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் மனைவியிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு கையெழுத்தும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்குக் கீழே அச்சடித்திருக்கும் சொல் ‘சாட்சி’யா, ‘ஜாமீன்தாரர்’ என்றா என்று பேனாவை எடுக்கும் முன்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.