கடலை நீந்திய கண்மணி

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? காலை நனைக்கவே நமக்கு நெஞ்சு படபடக்கும்! அந்தக் கடலை 2022 மார்ச் 20-ந் தேதி 13 வயதுச் சிறுமி நீந்திக் கடந்தாள். பெயர் ஜியா ராய். தகப்பனார் இந்தியக் கடற்படையில் பணியாற்றியவர்.

இரண்டு வயதிலேயே அவளுக்கு 'ஆட்டிசம்' என்று தெரிந்தது. பேச்சு வரத் தாமதமாயிற்று. சிகிச்சையாகத்தான் நீச்சல் பழக்கினார்கள். தண்ணீரே தோழியாகிவிட்டது!

விடியுமுன் தலைமன்னாரில் இறங்கினாள். கரை தெரியாத கடலில் செய்யவேண்டியது ஒன்றுதான்: அடுத்த கையை வீசவேண்டும். வீசினாள், 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிஷத்தில் முடித்து, மாலையில் அரிச்சல்முனையில் கரையேறினாள். 2004-ல் புலா சௌத்ரிக்குப் பிடித்த நேரம் 13 மணி 52 நிமிஷம்!

தாமதமாகப் பேசும் குழந்தை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 'இதற்கு ஒன்றும் வராது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எது வரும் என்று தேடிப் பாருங்கள்!