நடுப்படியும் உச்சிப்படியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இணைய விளையாட்டு. ‘ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆடாதே என்று அறிவுரை கூறத்தானே வந்திருக்கிறார்?’ என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்த அறிவுரையை உங்கள் இல்லங்களில் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள். ஆகவே அதனை விட்டுவிடுகிறேன். என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு வினாவுக்கு இவ்விளையாட்டுகளில் விடை கிடைக்குமா என்று பார்ப்பதே என் நோக்கம்.

அவ்வினா பள்ளியில் பிறந்தது. ஆறாம் வகுப்பில் சேரும் சிறுவனுக்கு எல்லாம் புதுமை, ஊக்கத்திற்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்பு மாணவனுக்கோ பொதுத்தேர்வு கண்முன் நிற்கிறது. இடையிலே எட்டாம் வகுப்பில் இருப்பவனுக்குத் தொடக்கத்தின் புதுமையும் இல்லை. முடிவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. என் வருகைப் பதிவேட்டில் விடுப்புக் குறிகள் மிகுதியாக விழுந்தது அவன் பெயருக்கு நேரேதான். நடுவழியில் நிற்பவனுக்கு ஊக்கம் ஊட்டுவது எப்படி? எல்லாப் படிகளையும் ஏறி முடித்தவனுக்கு மேலும் என்ன தருவது? இவ்விரண்டு இடர்ப்பாடுகளும் இணைய விளையாட்டுகளை அமைப்போர்க்கும் உண்டு.

முதலில் இவ்விளையாட்டின் இயல்பைக் காண்போம். ஒரே கற்பனை உலகில் பல்லாயிரவர் ஒருங்கே நுழைந்து ஆடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ தொழிலாளியையோ தமக்கெனப் படைத்துக்கொள்கின்றனர். செய்யும் செயலுக்கேற்ப அனுபவப் புள்ளிகள் சேரும். குறித்த அளவு சேர்ந்தால் அடுத்த நிலைக்கு உயரலாம். இந்நிலையையே நீங்கள் ‘லெவல்’ என்கிறீர்கள்.

இவ்வகை விளையாட்டுக்கு முன்னோடி, 1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘மட்’ என்பதாகும். ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்கியதை ரிச்சர்டு பார்ட்டில் என்பவர் வளர்த்தெடுத்தார். அதில் படங்கள் இல்லை, எல்லாம் எழுத்தே. புள்ளிகளைச் சேர்த்துப் படிப்படியாக உயர்ந்தவர் இறுதியில் ‘மந்திரவாதி’ என்னும் பட்டம் பெறுவார். பட்டத்துடன், அவ்வுலகை மேற்பார்த்து நடத்துவதற்கான சில ஆற்றல்களும் அவருக்கு வழங்கப்பட்டன. உச்சியை அடைந்தவருக்குப் பரிசாகப் பொறுப்பே தரப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இதனைப் பின்னரும் காண்போம்.

இனி நடுவழியில் நிற்பவரை நோக்குவோம். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரூன்ஸ்கேப்’ என்னும் விளையாட்டில் ஒரு தொழிலின் 99-ஆம் நிலையை அடைய 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். இரண்டாம் நிலைக்கு வேண்டியவை 83 புள்ளிகளே. அப்படியானால் 50-ஆம் நிலையை எட்டியவர் பாதித் தொலைவு வந்துவிட்டாரா? இல்லை. அந்நிலைக்கு வேண்டியவை 1,01,333 புள்ளிகள். அஃதாவது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. உண்மையான பாதி 92-ஆம் நிலையில்தான் வருகிறது! படிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார்.

இவ்வாறு அமைப்பதில் ஒரு காரணம் உண்டு. தொடக்கத்தில் விரைவாக உயர்ந்தால் புதியவருக்கு நம்பிக்கை பிறக்கும். பின்னர் மெல்ல உயர்ந்தால் அந்த உயர்வுக்கு மதிப்பு இருக்கும். ஆயினும் நடுவில் ஒரு நீண்ட பாலைவனம் தோன்றிவிடுகிறது. அதனைக் கடக்க ரூன்ஸ்கேப் காட்டிய வழி எளியது. சுரங்கத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் செம்பும் வெள்ளீயமும் வெட்டலாம். பழைய அமைப்பில் 15-ஆம் நிலையில் இரும்பு, 30-இல் நிலக்கரி, 40-இல் தங்கம் கிடைத்தன. 55, 70, 85 ஆகிய நிலைகளில் கற்பனையான அரிய தாதுக்கள் காத்திருந்தன. நேற்றுத் தன் கைக்கு அசையாத பாறையை இன்று ஒருவன் உடைக்கிறான். எண் ஒன்று கூடியது என்பதைக் காட்டிலும் செயல் ஒன்று கைவந்தது என்பதே அவனுக்கு மகிழ்ச்சி தருகிறது.

நாள்தோறும் நெடுநேரம் ஆட இயலாதவரும் நடுவழியில் சோர்ந்து நின்றுவிடுவது உண்டு. 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் சோதனைக் காலத்தில், இடைவிடாது ஆடுவோரின் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் விதி ஒன்று இருந்தது. அவர்களைச் சற்று ஓய்வெடுக்கச் செய்வதே அதன் நோக்கம். ஆயினும் ஆடியோர் அதனைத் தண்டனையாகக் கருதி வெறுத்தனர். பின்னர் அமைப்பாளர்கள் ஓய்வெடுத்துத் திரும்புவோருக்குச் சிறிது காலம் இரட்டைப் புள்ளிகள் என்று விதியை மாற்றினர். கணக்கு ஏறத்தாழ அதுவே; ஆனால் குறை கூறியவர்கள் இப்போது மகிழ்ந்தனர். மாணவரைத் திருத்த முனையும் ஆசிரியர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. நானும் பணியிலிருந்த காலத்தில் இதனை அறிந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறேன்.

அடுத்து, உச்சியை அடைந்த மூத்தோர். இவர்களுக்கு என்ன தருவது? எளிதாகத் தோன்றும் விடை, மேலும் சில படிகளைக் கட்டுவது. வார்கிராஃப்ட் இவ்வழியையே பின்பற்றியது. முதலில் 60 நிலைகள் இருந்தன. 2007-ஆம் ஆண்டில் உச்சி 70 ஆயிற்று. மூத்தோர் நாற்பதின்மராகக் கூடி, மாதக்கணக்கில் போரிட்டு வென்ற கவசங்களும் வாள்களும் இருந்தன. புதிய நிலப்பகுதியில் சிறு பணிகளை முடித்தவருக்குக் கிடைத்த எளிய பொருள்களுக்கு முன் அவற்றுள் பல சில நாள்களில் மதிப்பிழந்தன. அடுத்தடுத்த விரிவுகளில் உச்சி உயர்ந்துகொண்டே சென்று 2018-இல் 120 ஆயிற்று. புதிதாக வருபவர் அத்தனை படிகளையும் பார்த்து மலைத்தார். பழையவருக்கோ புதுப்படியில் சுவை இல்லை. முடிவில் 2020-ஆம் ஆண்டில் படிகளைச் சுருக்கி, உச்சியை மீண்டும் 60 ஆக்கினர். ஏணியை நீட்டிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதன் காரணத்தை முன்னர்க் கூறிய பார்ட்டில் 1996-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் விளக்கியுள்ள கருத்தால் உணரலாம். ஆடுவோரிற் சிலர் சாதனையை நாடுவர்; சிலர் புதிய இடங்களையும் உண்மைகளையும் துருவி ஆராய்வர்; சிலர் பிறரோடு உறவாட வருவர்; சிலர் பிறரை வெல்வதில் இன்பங்காண்பர். ஏணியை மட்டும் நீட்டினால் முதல் வகையினர்க்கே பயன். ஏனையோர்க்கு அது சுமை.

வேறு வழி உண்டா? உண்டு. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கில்ட் வார்ஸ் 2’ விளையாட்டில் உச்சி 80. 2015, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் பெரிய விரிவுகள் வந்தபோதும் அது 80-ஆகவே நின்றது. அதற்கு மாறாக, 2015-இல் மூத்தோர் புதிய திறன்களைக் கற்க வழி செய்தனர். அவற்றுள் ஒன்று காற்றில் மிதந்து செல்லும் திறன். அதனைக் கற்றவர் முன்பு எட்ட முடியாத இடங்களை எட்டினார். மேலும், 80-ஆம் நிலையினர் புதியவர் வாழும் பகுதிக்குச் சென்றால், அவருடைய வலிமை அவ்விடத்துக்கு ஏற்பத் தானே குறைந்துவிடும். இதனால் பழைய நிலங்கள் பாழாகவில்லை.

2013-இல் புத்துருப் பெற்ற ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ இன்னும் ஒரு படி சென்றது. அதில் நால்வர் கூடிக் கடக்கும் பழைய களங்கள் பல உண்டு. மூத்தோர் அங்கே தம் வலிமை குறைக்கப்பெற்றுப் புதியவருடன் சேர்ந்து போரிடலாம். அதற்கு அவர்க்குப் பரிசு உண்டு. குழுவில் அக்களத்தை முதன்முறை காண்பவர் ஒருவர் இருப்பின் பரிசு மிகும். புதியவருக்குத் துணை கிடைக்கிறது. மூத்தவருக்குத் தாம் இன்னும் வேண்டப்படுகிறோம் என்னும் நிறைவு கிடைக்கிறது. ‘மட்’ தன் மந்திரவாதிக்கு அளித்த பொறுப்பு இங்கே வேறு வடிவில் திரும்பி வந்திருப்பதைக் காண்க.

ஆகவே, வளர்ச்சி இனிக்க வேண்டுமாயின் நடுவழியினர்க்குப் புதிய செயல் வேண்டும். உச்சியினர்க்குப் பிறர்க்குப் பயன்படும் வாய்ப்பு வேண்டும். எண்களைப் பெருக்குவது இவ்விரண்டுக்கும் ஈடாகாது.

நேயர்களே! ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ஊக்கம் குன்றும் அந்த நடுவழியையே வாணிகமாக்கிய விளையாட்டுகளும் உண்டு. பாதையை வேண்டுமென்றே கடினமாக்கி, பணம் கட்டினால் விரைந்து செல்லலாம் என்பர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை விலைக்குத் தருவர். 2018-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், சில விளையாட்டுகளில் விற்கப்பட்ட அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று முடிவு செய்தது. எனவே ஆடும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘சென்ற திங்களில் செய்ய இயலாத எதனை இன்று என்னால் செய்ய முடிகிறது? என் ஆட்டத்தால் துணை பெற்றவர் யார்?’ விடை கிடைத்தால், அது நல்ல ஆட்டம். எண் மட்டும் ஏறி, உறக்கமும் பொருளும் இறங்கிக்கொண்டிருந்தால், அந்த ஏணியிலிருந்து இறங்கிவிடுவதே அறிவுடைமை.

ஓய்வு பெற்ற நாளில் நானும் உச்சிப்படியில் நின்றேன். மேலே ஏற வேறு படி இல்லை. சில திங்கள் கைகட்டி அமர்ந்திருந்தேன், நாள்கள் நகரவில்லை. பின்னர் ஒரு மாலையில் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் பின்னக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து, “ஐயா, இது எப்படி?” என்று கேட்டான். அவன் எட்டாம் வகுப்பு. திண்ணையில் இருவரும் அமர்ந்தோம். மறுநாள் அவன் தன் தோழனையும் அழைத்து வந்தான். நடுப்படியில் நின்றவனும் உச்சிப்படியில் நின்றவனும் ஒருவர்க்கொருவர் மருந்தானோம்.

இவ்வுண்மையை விளையாட்டிலும் தேடுங்கள். விளையாட்டுக்கு வெளியிலும் தேடுங்கள்.